சின்னதுதான், ஆனா இருக்கு

1

இந்தக் கதை ஒரு சிரிப்பில் பிறந்தது. என் கடை வாசலில் பெண்கள் ஒரு மீன் படத்தைப் பார்த்துச் சிரிக்கப்போய், ஆறே பறிபோகப் பார்த்தது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மலையிலிருந்து இறங்கும் வைனிதோவு ஆறு, பச்சைப் பட்டு விரித்தாற்போல..." சீ! பட்டாவது, விரிப்பாவது. ஜல்லி அள்ளிய காலத்தில் அது பால் டீ நிறத்தில் ஓடியது. கரையிலிருந்த எங்கள் ஊர் வசிதியின் டாலோக் கிழங்குத் தோட்டம் பாதி சரிந்து தண்ணீரோடு போயிற்று. பிறகுதான் ஊர் கூடித் தடை போட்டது. லாரி இறங்கக்கூடாது, மீனும் பிடிக்கக்கூடாது. கரை நெடுக மூங்கில் நட்டோம். இப்போது அடியில் கிடக்கும் கல் தெரிகிறது.

2

கடலிலிருந்து ஏறி வந்து, வயிற்றால் கல்லைக் கவ்விக்கொண்டு வாழும் மீன் ஒன்று உண்டு. தண்ணீர் கலங்கினால் முதலில் காணாமல் போவது அதுதான். அதன் பெயர் ______.

[அச்சுப்பிழை அல்ல. அது ஊர்த்தலைவர் செமேசாவின் குலமீன். இந்த ஊரில் அதே பெயரை ஆண்பிள்ளைகளின் வேறொரு சங்கதிக்கும் சொல்வார்கள். ஆணும் பெண்ணும் கூடிய இடத்தில் உச்சரித்தால் மானம் கப்பலேறும். என் கொள்ளுத்தாத்தா கரும்பு வெட்ட ஃபிஜிக்கு வந்ததிலிருந்து நாங்கள் இங்கேதான். எனக்கும் எழுதக் கை வரவில்லை.]

அந்த மீன் திரும்பியிருந்தால் தடை நீடிக்கும், இல்லையென்றால் லாரியை விடலாம் என்று செமேசா சொல்லிவிட்டார். மீன் வகைகளைக் கணக்கெடுக்கத் தலைநகரிலிருந்து தலேய் என்ற பெண் வந்தாள். செமேசாவின் தம்பி மனைவிதான் வசிதி. மீனை அவள் ஏற்கெனவே பார்த்துவிட்டாள். பிடித்துக் காட்டினால் தடையை மீறினதாகும். வாய்விட்டுச் சொல்லவோ வெட்கம். அவளுக்கு வந்த சோதனையைப் பாருங்கள்!

என் கடை வாசலில் கூடியிருந்த பெண்களிடம் தலேய் அந்த மீனின் படத்தை நீட்டினாள். "இது உண்டாக்கா?"

வசிதி வாங்கின வேகத்தில் கவிழ்த்து வைத்தாள். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"என்னக்கா, இல்லியா?"

"போடீ, வெக்கங்கெட்டவளே!"

தலேய் 'இல்லை' என்று எடுத்துக்கொண்டாள். அவள் வேறு தீவுக்காரி, அவளுடைய குலமீன் வேறு.

3

"வசிதி நிமிர்ந்து நின்றாள். ஆற்றின் குரலாக அவள்..."

வேண்டாம். இந்த வசிதியை எனக்கே நம்ப முடியவில்லை. நிஜ வசிதியின் வாய் எனக்குத் தெரியும். அந்த வரியை அடித்துவிட்டேன்.

4

ஊர்க்கூட்டத்தில் யங்கோனா வேர்ப்பானம் கலக்கி, சிரட்டை கைமாறி வந்தது. தலேய் எழுந்தாள்.

"ஐயா, நெறைய வகை மீன் திரும்பிருச்சு, சந்தோசம். ஆனா உங்க ______ மட்டும் இங்க இல்லவே இல்ல."

கூடமே அதிர்ந்தது. "இல்லியாம்ல! பாவம், தலைவரு!" என்று பின்னாலிருந்து எவனோ கத்தினான். செமேசாவின் முகம் போன போக்கை எழுத என்னிடம் தமிழ் போதாது.

தலேய்க்கு அப்போதுதான் உறைத்தது. "ஐயையோ, அது உங்க குலத்தோடதா?" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

செமேசா தொண்டையைச் செருமினார். "சரி, விடு. இல்லன்னா இல்ல. லாரி வரட்டும்."

வசிதி தலையைத் தூக்கவில்லை. பாயைப் பார்த்தபடியே சொன்னாள்:

"இருக்கு."

"என்னது?"

"இருக்குங்கறேன்ல? என் கண்ணால பாத்தேன். சின்னதுதான். ஆனா கெட்டியாப் புடிச்சுக்கிட்டு நிக்குது."

அவள் புருஷன் பாயிலேயே உருண்டான். நானும்தான்.

5

முடிவாக இரண்டு எழுதினேன். ஒன்றில் செமேசா கோபித்துக்கொண்டு எழுந்து போகிறார். இன்னொன்றில் லாரி... வேண்டாம், இரண்டையும் கிழித்தாயிற்று. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

மறுநாள் காலை வசிதி கை காட்டிய இடத்தில் செமேசா இறங்கி, முகத்தைத் தண்ணீருக்குள் விட்டார். ஊரே கரையில் நின்றது. வெகுநேரம் அவர் எழவில்லை. எழுந்தபோது வசிதியைப் பார்க்கக் கூச்சப்பட்டு, எங்கோ மூங்கிலைப் பார்த்தார். பிறகு அவர் தோள் மெல்லக் குலுங்க ஆரம்பித்தது.

இந்த ஊரில் சிரித்தால் என்ன அர்த்தமென்று தலேய்க்கு இப்போது தெரியும். அந்த மீனையும் கணக்கில் எழுதிக்கொண்டாள்.

அப்புறம் லாரி என்ன ஆயிற்று? அதை நான் சொல்ல மாட்டேன், செமேசாவின் தோளைப் பார்த்தவர்கள் கேட்கவும் மாட்டார்கள். பெயர் எழுதாத அந்தக் கோடிட்ட இடத்தை மட்டும் உங்களிடம் விட்டுப்போகிறேன். உங்களுக்கு ஒரு தடையும் இல்லை. உங்கள் ஊர் ஆற்றில் கொஞ்ச நாளாகக் கண்ணில் படாத மீன் ஒன்றின் பெயரைப் போட்டு, நாலு பேர் நடுவில் உரக்கப் படியுங்கள். யார் சிரித்தாலும் சிரிக்கட்டும்.

______ இருக்கு.