ஃப்ரீசரில் இருந்த பெட்டி

ஜோஷ்வாவின் நாக்கைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவனுக்கு இருந்த பெருமையெல்லாம் அதில்தான். மறைமலைநகரில் கார் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் அவன் தரம் பார்க்கிறவன். கேன்டீனில் டீத்தூள் மாறினால் முதல் மடக்கிலேயே சொல்லிவிடுவான். அது போதாதென்று, மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலைப் பார்த்த ஒரு மொட்டைமாடியில் மாதாமாதம் அந்த நாக்குக்குப் பரீட்சை வேறு நடக்கும். நடத்துகிறவன் அத்வைத், கல்லூரித் தோழன், அந்த வீட்டை வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறவன். சிகாரின் மேல் சுற்றியிருக்கும் தங்கக் காகிதப் பட்டியை உரித்துவிட்டு, நம்பர் மட்டும் ஒட்டிக் கொடுப்பான். ஜோஷ்வா கண்ணை மூடிக்கொண்டு புகையை வாய்க்குள் உருட்டுவான். "இது க்யூபா மச்சான், தோல் வாசன வருது பாரு. அது நிகராகுவா, மொளகு மூக்குல ஏறுது" என்பான். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

அவன் குடியிருக்கும் புதுப்பட்டினத்தில் பக்கத்து வீட்டார் அதைச் சுருட்டு என்றுதான் சொல்வார்கள். ஜோஷ்வாவுக்கு அது பொறுக்காது. சிகார் என்று திருத்துவான், அவர்களும் தலையாட்டிவிட்டு மறுபடி சுருட்டு என்பார்கள். அவன் மனைவி ரூத் அணுபுரத்தில் டீச்சர். குளித்துச் சட்டை மாற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் வரவேண்டும் என்பது ஒன்றுதான் அவள் போட்ட சட்டம். மற்றபடி ஆம்பளைக்கு ஒரு கிறுக்கு இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

கல்யாணமாகி வெகுகாலம் கழித்து ரூத்துக்கு வயிற்றில் தங்கியது. ஜோஷ்வா சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் அலைந்தான். அத்வைத்திடம் சொல்லி வெளிநாட்டிலிருந்து ஒரு பெட்டி சிகார் வரவழைத்தான். வாசனை மரத்தில் செய்த பெட்டி, வாயில் சீல் ஒட்டியது. அதை அலமாரியின் மேல்தட்டில் வைத்து, "கொழந்த வூட்டுக்கு வர அன்னிக்குத்தான் இத ஒடைப்பேன்" என்றான். கோயிலுக்குப் போய் முழங்காலில் நிற்கச் சோம்பேறிப்படுகிறவன் அவன். அப்படிப்பட்டவனுக்கு அந்தப் பெட்டி மெல்ல மெல்ல ஒரு பொருத்தனையாகவே, நேர்த்திக்கடன் மாதிரி, ஆகிவிட்டது.

குழந்தை அவசரப்பட்டு ஏழாம் மாதமே வந்துவிட்டது. ஆண் குழந்தை, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிசு. செங்கல்பட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, மூக்கில் விட்ட குழாய் வழியாகப் பால் இறக்கினார்கள். பவுடர் பாலை இந்தக் குடல் தாங்காது, தாய்ப்பால்தான் உயிர் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ரூத் வலியைக் கடித்துக்கொண்டு பம்பு வைத்துப் பால் எடுத்தாள். மிஞ்சிய பாலைச் சின்னச் சின்னப் பைகளில் அடைத்து, தேதி எழுதித் தருவாள். ஆஸ்பத்திரி ஃப்ரீசரில் இடம் போதாததால் ஜோஷ்வா அதை ஐஸ் பெட்டியில் வீட்டுக்குக் கொண்டுவந்து அடுக்கினான். உறைந்தது உறைந்தபடியே இருக்க வேண்டும், உருகிவிட்டால் ஒரு நாளைக்கு மேல் ஆகாது என்று நர்ஸ் விஜயகுமாரி சொன்னதற்கு அவன் தலையாட்டியிருந்தான்.

பிறகு ரூத்துக்குத் தையல் போட்ட இடத்தில் சீழ் பிடித்துக் காய்ச்சல் கொதித்தது. அதற்குக் கொடுக்கிற மருந்து பாலில் இறங்கும், ஆகவே இப்போது எடுக்கிற பாலைக் கீழே ஊற்றிவிடுங்கள் என்றார்கள். ஆஸ்பத்திரியில் இருக்கும் பை வெள்ளிக்கிழமை வரைக்கும்தான். அதன்பின் பிள்ளைக்குச் சோறும் மருந்தும் ஜோஷ்வா வீட்டு ஃப்ரீசரில் இருப்பதுதான்.

புதன்கிழமை சாயங்காலம் அவன் வீட்டுக்கு வந்து, சட்டை எடுக்க அலமாரியைத் திறந்தான். மேல்தட்டில் பெட்டியின் அடியில் பழுப்பாகத் தூள் கொட்டியிருந்தது. சீலைக் கிழித்துத் திறந்தான். மேல்வரிசையில் ஒரு சிகாரில் குண்டூசி குத்தினாற்போல ஓட்டைகள், பக்கத்தில் ஒரு பொடி வண்டு நிதானமாக நடந்து போய்க்கொண்டிருந்தது. சிகார் சேர்க்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய சனியன் கிடையாது. ஒன்றில் விழுந்தால் பெட்டியையே தூளாக்கிவிடும்.

பெட்டி போனால் பிள்ளையும் போய்விடும் என்று அவனுக்குள் ஒரு குரல் சொல்லிற்று. படித்தவன்தான், இன்ஜினியர்தான், ஆனால் பிள்ளை கண்ணாடிக்குள் கிடக்கும்போது எந்த இன்ஜினியருக்கும் புத்தி ஒரு நிலையில் இருக்காது. அத்வைத்துக்கு போன் போட்டான்.

"ஃப்ரீசர்ல போடு மச்சான், அதான் ஒரே வழி. நாலு நாள் கல்லாட்டம் கெடக்கணும். வண்டும் சாவும், முட்டையும் சாவும்."

"ஃப்ரீசர்ல எடமில்லடா. பால் கீது."

அத்வைத்துக்கு எந்தப் பால், யாருடைய பால் என்று தோன்றவில்லை. "அத கீழ வையேன்" என்றான்.

ஜோஷ்வா கீழே வைத்தான். ஃப்ரிட்ஜ் சின்னது, அந்தப் பெட்டி போனால் மேலே வேறெதுவும் போகாது. கீழும் குளிர்ச்சிதானே என்று நினைத்துக்கொண்டான். ஃப்ரீசரில் வைத்த சிகாரை வெளியே எடுக்கும்போது நேராக வெயிலில் வைக்கக் கூடாது, கீழ்த்தட்டில் ஒரு நாள் வைத்து நிதானமாக இறக்க வேண்டும். அப்படி இறக்கினால் சிகாருக்கு எந்தச் சேதமும் வராது. அந்தப் பழக்கம்தான் அவன் கையை நடத்திற்று. பைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கீழ்த்தட்டில் அழகாகவே அடுக்கினான். வியாழக்கிழமை வேலைக்குப் போய், அப்படியே ஆஸ்பத்திரி வாசலில் நின்றுவிட்டு வந்து படுத்தான். ஃப்ரிட்ஜைத் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை லீவு போட்டிருந்தான். பால் கொண்டுபோக வேண்டியது சாயங்காலம். காலையில், ஃப்ரீசரில் போடாமல் தனியே எடுத்து வைத்திருந்த ஓட்டை விழுந்த அந்த ஒரு சிகாரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அத்வைத் வீட்டுக்கு வண்டியை விட்டான். அத்வைத்திடம் அதே சரக்கில் வண்டு விழாதது ஒன்று இருந்தது. இரண்டையும் பற்றவைத்து, வண்டு ருசியைக் கெடுத்திருக்கிறதா என்று மாற்றி மாற்றி இழுத்துப் பார்த்தார்கள். ஓட்டை வழியே காற்று போய், வண்டு விழுந்தது கோணலாக எரிந்தது. தொண்டையைக் கரித்தது. ஆனாலும் அடியில் அதே கொட்டை வாசனை, அதே இனிப்பு இருந்தது. சந்தேகம் தீர மூன்றாவதாக வேறொன்றையும் இழுத்துப் பார்த்தான்.

"பொழச்சிக்கும் மச்சான்" என்றான் ஜோஷ்வா. சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

"பெட்டிக்காடா அழற?" என்று அத்வைத் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அவன் முதுகைத் தட்டினான்.

மத்தியானம் வீட்டுக்கு வந்து, குளித்து, ஐஸ் பெட்டியைத் துடைத்து வைத்துக்கொண்டு ஃப்ரிட்ஜைத் திறந்தான். முதல் பையைத் தொட்டதும் விரல் உள்ளே அமுங்கியது. இரண்டாவதும் அப்படித்தான், எல்லாமே அப்படித்தான். மேலே மஞ்சளாகக் கொழுப்பு மிதக்க, கீழே பால் தண்ணியாகத் தளும்பியது. விஜயகுமாரி சொன்னதும், தான் தலையாட்டியதும் அப்போது ஞாபகத்துக்கு வந்தது. எப்போது உருகியது? நேற்றுக் காலையா, ராத்திரியா? காலை என்றால் கெட்டிருக்கும். ராத்திரி என்றால் இன்னும் நேரம் இருக்கிறது. யாரிடம் போய்க் கேட்பது?

அவனிடம்தான் நாக்கு இருக்கிறதே! ஒரு பையைத் திறந்து ஸ்பூனில் ஊற்றி வாயில் விட்டான். மிளகும் கரியும்தான் தெரிந்தது. காலையில் இழுத்த மூன்றும் நாக்கில் குடியேறியிருந்தன. வாயைக் கொப்பளித்தான். உப்பு வைத்துத் தேய்த்தான். பச்சை அரிசியை மென்று துப்பிவிட்டு இன்னொரு பையைத் திறந்தான். சோப்புத் தண்ணி மாதிரி இருந்தது. புளிப்பா? இல்லை போலிருந்தது. மூன்றாவதில் ஏதோ உலோக வாடை. அது பாலிலா, ஸ்பூனிலா? முகர்ந்து பார்த்தான். குளித்த கையிலும் புகையிலைதான் மணத்தது. கண்ணைக் கட்டிவிட்டாலும் நாடு பேர் சொல்கிற நாக்கு அது. பெற்ற பிள்ளையின் பால் நல்லதா கெட்டதா என்று அதற்குச் சொல்லத் தெரியவில்லை. அடுப்படித் தரையில் உட்கார்ந்து, "கர்த்தாவே, ஒரே ஒரு தபா சொல்லு" என்று வாய்விட்டுக் கேட்டான்.

போன் அடித்தது. மாமியார் ஜெசிந்தா. "கெளம்பிட்டியா தம்பி? இருந்த பால் தீந்துப்போச்சாம். சிஸ்டர் ரெண்டு தபா கேட்டுட்டாங்க."

"வந்துகினே கீறேன் அத்தை" என்றான்.

திறக்காத பைகளை ஐஸ் பெட்டியில் அடுக்கினான். திருக்கழுக்குன்றத்தில் ஒரு ஊர்வலம் வழியை அடைத்துக்கொண்டு நின்றது. ஹாரன் அடித்தபடி, அழுதபடி, நல்லாத்தான் இருக்கும், நல்லாத்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டே செங்கல்பட்டு வந்து சேர்ந்தான்.

விஜயகுமாரி பெட்டியைத் திறந்து ஒரு பையை அமுக்கிப் பார்த்தாள். "உருகிட்டிருக்கே சார். எப்ப வெளிய எடுத்தீங்க?"

"வழியில உருகிடுச்சி சிஸ்டர். திருக்கழுக்குன்றத்துல ஒரே ட்ராஃபிக்."

எங்கிருந்து வந்ததென்றே அவனுக்குத் தெரியாத பொய் அது.

"சரி, அப்ப இப்பவே குடுத்துடலாம்" என்று அவள் உள்ளே போனாள்.

ரூத்தைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துக் கண்ணாடிக்கு முன்னால் கொண்டுவந்திருந்தார்கள். கன்னம் ஒட்டி, உதடு வெடித்துப் போயிருந்தாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டு, பிரசவத்துக்கப்புறம் முதல்முறையாகச் சிரித்தாள். "நல்லவேள நீ வந்துட்ட. பசியில வாயத் தொறந்து தொறந்து மூடுறான், பாரேன்."

கண்ணாடிக்கு அப்பால் விஜயகுமாரி பையின் மூலையைக் கத்தரித்தாள். கிண்ணத்தில் ஊற்றினாள். ஊசி இல்லாத சிரிஞ்சில் உறிஞ்சி, குழாயின் வாய்க்குக் கொண்டுபோனாள். பிள்ளையின் வாய் திறந்து மூடியது.

ஜோஷ்வா ரூத்தின் கையை உதறிவிட்டு இரண்டு கையாலும் கண்ணாடியை அறைந்தான். "வேணாம்! சிஸ்டர், வேணாம்! குடுக்காதீங்க!"

வார்டே திரும்பிப் பார்த்தது. சிரிஞ்ச் அந்தரத்தில் நின்றது. அவன் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். வண்டு, பெட்டி, கீழ்த்தட்டு, ஸ்பூன் எதையும் விடவில்லை. யாரும் கேட்காததையும் சொன்னான்.

"எம் பொண்ணு ரத்தம்யா அது!" என்று ஜெசிந்தா தலையில் அடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டர் வந்தார். திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. இன்றைக்கு நரம்பில் குளுக்கோஸ் ஏற்றுவோம், வேறு ஆஸ்பத்திரிகளில் தாய்ப்பால் தானமாகக் கிடைக்குமா என்று கேட்டுப் பார்க்கிறேன், கிடைத்தால் பிள்ளையின் அதிர்ஷ்டம் என்றார். நாளைக்கு எப்படி இருப்பான் என்று ஜோஷ்வா கேட்பதற்குள் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். பைகளையெல்லாம் விஜயகுமாரி ஒவ்வொன்றாகத் தொட்டியில் ஊற்றினாள். ரூத் அதைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரூத்தைத் திரும்பக் கொண்டுவந்து கட்டிலில் படுக்கவைத்தார்கள். ஜன்னலில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. பிறகு சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அந்தப் பெட்டி?"

"ஃப்ரீசர்ல."

"நல்லா கீதா?"

"நல்லா கீது" என்றான்.

ரூத் தலையை மட்டும் ஆட்டினாள். பம்பை எடுத்து மார்பில் வைத்துக்கொண்டாள். மருந்து முடிகிற வரைக்கும் எடுத்துக் கீழே ஊற்றினால்தான் பால் வற்றாமல் நிற்கும். பல்லைக் கடித்து, கண்ணை மூடி எடுத்தாள். வெகுநேரம் கழித்து பாட்டிலின் அடியில் கொஞ்சம் சேர்ந்தது. அதை அவனிடம் நீட்டினாள்.

"ஊத்திட்டு வா."

அவன் வாஷ்பேசினருகே போய் மூடியைத் திறந்தான். விளிம்பில் ஒரு துளி வழிந்து விரலில் இறங்கியது. யோசிக்காமல் விரலை நாக்கில் வைத்தான். நாக்கு திரும்ப வந்திருந்தது. இளஞ்சூடு, லேசான இனிப்பு, கடைசியில் பாதாம் போல ஒரு மணம். நல்ல பால் எப்படி இருக்கும் என்று இப்போது தெரிந்துவிட்டது, எத்தனை பைகளை முன்னால் வைத்தாலும் சொல்லிவிடுவான்.

பாட்டிலைக் கவிழ்த்தான். பால் ஓட்டையைச் சுற்றி வெள்ளையாக ஓடி உள்ளே போய்விட்டது. குழாயைத் திறக்க மனமில்லாமல் அங்கேயே நின்றான்.