ஓடில்லாத நத்தை

பட்ட காலிலேயே படும் என்பார்கள். பஞ்சத்தில் இருசம்மாளின் புருஷன் போனான். கைக்குழந்தையான மகனாவது பிழைக்கட்டும் என்று, ஒரு மரக்கால் அரிசிக்கு மூத்தவள் அம்மணியை டச்சுக்காரரான உலாந்தாக்காரர் கோட்டையில் அடிமையாக விட்டாள். அரிசி தீருமுன் குழந்தையும் போயிற்று. இன்னும் மூன்று நாளில் அம்மணியைக் கடல் தாண்டிப் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றுகிறார்கள்.

கோட்டை வைத்தியனுக்கு ஒரு பித்து. கடல் பூச்சிகளைப் பார்த்துப் படம் எழுதுவான். அவனுடைய துபாஷி வீரராகவன்தான் வந்து சொன்னான்.

"நீல ஒடம்பு, மஞ்சக் கரை, முதுகுல பூங்கொத்து மாரி இருக்கும். ஓடில்லாத நத்தை. உசுரோட கொண்டாந்தா பொண்ண உட்டுடச் சொல்றேன்னு தொரை சொல்றாரு."

இருசம்மாள் அதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். தொட்டால் கை அரிக்கும் என்று தூர வீசியிருக்கிறாள். பாவி, இப்போது தேடினால் ஒன்றுகூட இல்லை. முகத்துவாரத்துச் சிப்பித் திட்டுகளை இரண்டு நாள் தடவியதில் விரலெல்லாம் கிழிந்தது. மூன்றாம் நாள் காலையில் ஒரு கல்லடியில் அது அகப்பட்டது. கோயில் கொடிபோல அத்தனை வண்ணம்! அழுதேவிட்டாள்.

எறா பிடிக்கிற கை அது. அகப்பட்டதை ஓலைப்பறியில் போட்டு ஈரப்பாசியால் மூடத்தான் அதற்குத் தெரியும். அப்படி மூடினால் எறா உச்சிப்பொழுது வரை துள்ளும். தேடும்போது அகப்பட்ட நாலு எறாவோடு அதையும் அப்படியே மூடிக்கொண்டு ஒரே ஓட்டமாகக் கோட்டைக்கு ஓடினாள்.

வைத்தியன் பாசியை விலக்கினான். நாலு எறா துள்ளின. நடுவில் நிறமற்ற சளிக்கட்டி ஒன்று கிடந்தது.

"சட்டித் தண்ணியில கொண்டாறதுக்கு இன்னாம்மா?" என்று வீரராகவன் தலையில் அடித்துக்கொண்டான்.

"எறா உசுரோட கீதே சாமி! இதுவும் இருக்கும்னுதானே..." தன் கையை வெட்டிப் போட வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

வைத்தியன் கெட்டவனில்லை. உச்சுக் கொட்டினான், ஒரு பிடி அரிசி கொடுக்கச் சொன்னான். அதோடு அவன் இரக்கம் தீர்ந்தது.

கரையில் அடிமைகளைக் கப்பலுக்குப் போகும் படகில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இருசம்மாள் இடுப்பளவு தண்ணீரில் ஓடினாள். காவல்காரன் குறுக்கே நீட்டிய தடியைத் தாண்டிக் கைநீட்டி, "அம்மணீ!" என்று கத்தினாள்.

அம்மணி திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் பயமே இல்லை.

"அழாதம்மா. அங்க தெனமும் சோறு போடுவாங்களாம். தம்பிக்கும் எடுத்தாறேன்."