அப்பா நெஞ்சுல வெட்டின ஆமை

அம்மா, இத அப்பா பக்கத்துல வச்சு சத்தமா படி. நடுவுல எழுந்து போனார்னா கையப் புடிச்சு உக்கார வை.

அப்பா, பிப்ரவரில அக்கரை ஆஸ்பத்திரில உங்க நெஞ்ச எக்ஸ்ரே எடுத்தாங்கல்ல? படகு போயிடும்னு டாக்டர்கிட்ட காட்டாமலே ஓடி வந்தீங்க. "நல்ல கெட்டி பிலிம்மா, மாசி மரப்பட்டைத் துணிக்கு அச்சு வெட்டிக்கோ"ன்னு என்கிட்ட குடுத்தீங்க. என்னா பாசம்! நானும் நடுவுல ஆமை வெட்டி, இந்த ஓட்டலுக்குத் தூக்கிட்டு வந்துட்டேன்.

இங்க எனக்குப் பேரு மகா கலைஞர். வந்து அஞ்சு வாரம்தான் ஆச்சு. தினம் காலைல பத்து வெள்ளைக்காரங்களுக்கு மரப்பட்டைத் துணில அச்சு குத்தக் கத்துக்குடுக்கறேன். மேனேஜர் இசிகெலி அண்ணன் என் அச்சத் தூக்கிக் காட்டி, "இது காட்டுல ஒரே மரத்துல கிடைக்கற இலை, ஆயிரம் வருஷ ரகசியம்"னு அடிச்சு விடுவாரு. எல்லாரும் பயபக்தியா போட்டோ எடுப்பாங்க. புது வேலை, நான் வாயத் திறப்பேனா?

இன்னிக்கு ஒரு நியூசிலாந்து அம்மா அச்ச ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சாங்க. "ஏம்மா, உங்க ஊரு இலைக்கு விலா எலும்பெல்லாம் இருக்குமா? நான் முப்பது வருஷமா நெஞ்சு டாக்டர்."

அண்ணன் என் காதுல, "முன்னோர்களோட எலும்புன்னு சொல்லு"ங்கறாரு!

அந்தம்மா சிரிக்கல. ஆமைத் தலைக்கு மேல வெள்ளையா ஒரு திட்டு. அதையே பாத்துக்கிட்டு, "யாரோட நெஞ்சு இது?"ன்னாங்க.

ஓரத்துல உங்க பேரு இருக்கே. "எங்கப்பாவோடது"ன்னேன்.

"இருமல் இருக்கா?"

தீவுக்கே தெரியும். நீங்கதான் அம்மா அச்சு மைக்குக் கரி எடுக்க எரிக்கற புகையாலன்னு சொல்லிட்டுத் திரியறீங்க.

"நடுவுல ஓட்டை, படமும் பழசு. இத வச்சு நான் என்னன்னு சொல்ல முடியாது. ஆனா ஒரு வாரத்துக்குள்ள டாக்டர் பாத்தாகணும்"னாங்க.

இலைக் கதை உடைஞ்சதுல அண்ணனுக்கு என்மேல கோவம். வேலை இருந்தா இருக்கட்டும், போனா போகட்டும்.

திங்கக்கிழமை படகுல வாங்கப்பா. நான் துறைல நிப்பேன். ஒரு நாள் நீங்க வலை போடலன்னா மீனு எங்கயும் போயிடாது. புதுசா எடுக்கற படத்த முதல்ல டாக்டர் பாக்கட்டும், அச்சு அப்புறம் வெட்டிக்கலாம்.

பழசையும் எடுத்துட்டு வரேன். வெட்டின ஆமைய பைபிள்ல அடையாளத்துக்கு வச்சிருந்தேன். இப்பதான் டேப் போட்டு உங்க நெஞ்சுல திரும்ப ஒட்டினேன். கொஞ்சம் கோணலா இருக்கு.