ஆறிய கால்

செத்துக் கிடந்த புருஷன் தலையில் எண்ணெயும் சீயக்காயும் வைத்துவிட்டு சுந்தராம்பாள் விலகி நின்றாள். பிணத்தின் மரக்காலை செத்தவனின் அண்ணன்காரன் நாச்சிமுத்து கழற்றிக்கொண்டிருந்தான். தோல் வார் சதையில் புதைந்து கிடந்ததால் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. கட்டுத்துணி வந்ததும் கிளம்பிய வாடையில், தண்ணீர்க் குடத்தோடு நின்ற பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

முழங்காலுக்குக் கீழே மிஞ்சியிருந்த துண்டு சீழ் பிடித்துக் கறுத்திருந்தது. அந்தக் காலை அவள் பார்த்து நாலு வருஷம் ஆகிறது. பர்மா சண்டையில் காலைக் கொடுத்துவிட்டுப் பென்ஷனோடு வடகவுஞ்சிக்கு வந்த மயில்சாமி, குடித்துவிட்டு அவளையும் மகள் கண்மணியையும் அடித்து விரட்டினான். கன்னிவாடியில் களையெடுத்துப் பிழைத்தவள், பிள்ளைக்கு ஜீவனாம்சம் கேட்டுக் கோர்ட்டுக்குப் போனாள்.

"புண்ணு ஆறலைங்க. பென்சன் பூராவும் மருந்துக்கே போகுது," என்றான் மயில்சாமி.

வக்கீல் சொல்லிக்கொடுத்தபடி அவள் கூண்டில் ஏறினாள். "எப்பவோ ஆறிப்போச்சுங்க சாமி. உருளைக்கிழங்கு மூட்டை தூக்குறாரு. என் ரெண்டு கண்ணால பாத்தேன்," என்று கற்பூரம் அடிக்காத குறையாகச் சத்தியம் செய்தாள். மாசம் பத்து ரூபாய் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பாயிற்று. அன்றைக்கு அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

இப்போது பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து கிராம முன்சீப் சாவுப் பதிவேட்டை விரித்தார். "சண்டையில பட்ட காயத்தால செத்தாருன்னா பென்சன்ல ஒரு பங்கு உனக்கும் பிள்ளைக்கும் வரும்மா. இல்லேன்னா இன்னியோட நின்னுபோகும். எதனால செத்தாரு?"

"அந்தக் கால் புண்ணாலதாங்க."

நாச்சிமுத்து கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனான். தகரப்பெட்டியிலிருந்து கோர்ட்டுத் தீர்ப்பின் நகலை எடுத்துவந்து முன்சீப் மடியில் போட்டான். "கோர்ட்டுல இவ சொன்னதையும் பாருங்க. பத்து ரூவா கட்டணும்னு மருந்த நிறுத்துனான். மெய்யாவே மூட்டை தூக்கப் போனான். மாசாமாசம் வாங்கித் தின்னுட்டு இப்ப புண்ணுங்கறா."

முன்சீப் நிதானமாகப் படித்தார். "காயம் ஆறிப்போச்சுன்னு நீதான் சாட்சி சொல்லியிருக்க. அது பொய்யா? பொய்ச்சாட்சின்னா ஜெயிலு."

"புண்ணு இந்தா கெடக்குதுங்கய்யா, நீங்களே பாருங்க."

"பாக்க நான் என்ன டாக்டரா? கோர்ட்டு ஆறிப்போச்சுன்னு எழுதினப்புறம் நான் ஆறலைன்னு எழுத முடியுமா?" அவர் கால் பக்கம் திரும்பவே இல்லை. காய்ச்சல் என்று எழுதி மை ஒற்றினார்.

"மாமா, பிள்ளை முகத்துக்காகவாவது ஒரு வார்த்தை சொல்லுங்க," என்று அவள் நாச்சிமுத்துவின் காலில் விழுந்தாள். பொய் சொல்லிச் சோறு வாங்கினாள். இன்று உண்மையைச் சொல்லி ஒரு பருக்கை வாங்க முடியவில்லை.

அவன் அவளைத் தாண்டிப் போய் மரக்காலை எடுத்தான். மூலையில் ஒண்டி நின்ற கண்மணியிடம் நீட்டினான்.

"இந்தா தாயி. உங்கப்பன் சொத்துல ஒன் பங்கு. ஆத்தாளும் மகளும் வெரசா எறங்குங்க, கடைசி பஸ்சு போயிரும்."

பத்து வயசுப் பிள்ளை இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டது. தொங்கிய வாரைப் பாவாடையில் துடைத்தது. மறுபடியும் துடைத்தது.

"அம்மா," என்றாள் கண்மணி, "இன்னும் ஈரமாவே இருக்கு."