அறுபத்தொரு நாள் அணையாத பெட்டி

பிளக்கைக் கழற்றியது ஜெயலெட்சுமிதான் என்பது எனக்குப் பதுளையில் இருக்கும்போதே தெரியும். தேயிலை ஃபெக்டரியைப் பார்த்துக்கொள்கிற டீமேக்கர் தம்பையா போன வாரம் போன் பண்ணி, "சதீஸ் தம்பி, தெனம் காலையில ஏழு மணிக்குக் கிட்ட கமரா எட்டும் செத்துப் போகுது, பொறவு தானா உசிரு வருது" என்றபோதே கேட்டுவிட்டேன், அந்த நேரத்தில் கமராப் பெட்டி இருக்கிற ரூமைக் கூட்டுவது யார் என்று. கூட்டுகிறவர்கள் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தங்கள் போனைச் சார்ஜில் போடுவார்கள். கமரா பொருத்துகிற வேலையில் ஒன்பது வருடமாக இந்த ஒரே எழவைத்தான் ஊர் ஊராகப் பார்க்கிறேன். "அப்ப அவங்கதான், வேற யாரு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

பூனாகலைக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்து ஃபெக்டரிக்கு நான் போய்ச் சேர்வதற்குள் அது வேறு கதையாக வளர்ந்திருந்தது. கமரா இல்லாத நேரத்தில் தேயிலை மூட்டை வெளியே போகிறதாம். காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கிற பெரட்டில் ஜெயலெட்சுமிக்கு மட்டும் வேலை கொடுக்காமல், பெக்கிங் ரூம் வாசல் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள்.

"இன்னைக்கு இவ கூட்டல. இன்னைக்குக் கமராவும் சாகல. பாத்தீங்களா?" என்றார் தம்பையா. "நீங்க எழுத்துல ஒரு ரிப்போர்ட் குடுத்தாப் போதும். இன்னையோட இவ வேலைய நிப்பாட்டச் சொல்லிட்டாரு தோட்டத்துத் தொரை."

அந்தம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். என்னைப் பார்க்கவில்லை. எட்டுக் கமராவுக்கும் கரண்டும் படமும் போகிற இரும்புப் பெட்டி உள்ளே அலுமாரி மேல் இருந்தது, ஸ்விட்ச் என்போம். அதையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்க்காதவர்களை எனக்குப் பிடிக்காது.

"பிளக்கைத் தொட்டீங்களா இல்லையா? கதை விடாம சொல்லுங்க."

"தொடலீங்க ஐயா. சாமி சத்தியமாத் தொடல."

"எல்லாரும் இப்பிடித்தான் சொல்லுவாங்க."

லெப்டொப்பைத் திறந்து, நீல வயரைப் பெட்டியில் செருகினேன். கறுப்புத் திரையில் நாம் ஒரு வரி அடித்தால் அது ஒரு பதில் சொல்லும். மனிதர்கள் மாதிரி அழாது, சத்தியம் பண்ணாது. எத்தனை நாளாக அணையாமல் ஓடுகிறாய் என்பதை முதலில் கேட்டேன். யாராவது பிளக்கைப் பிடுங்கியிருந்தால் அந்தக் கணக்கு பூச்சியத்திலிருந்து ஆரம்பிக்கும். நேற்றுக் காலையிலிருந்து என்று வரும், அதைப் படம் பிடித்து ரிப்போர்ட்டில் ஒட்டிவிட்டுப் பதினொரு மணி பஸ்ஸைப் பிடிக்கலாம் என்பது என் திட்டம்.

அறுபத்தொரு நாள் என்று வந்தது.

மறுபடி அடித்தேன். அதே அறுபத்தொன்று. நான் வந்து பொருத்திய நாளிலிருந்து பெட்டி ஒரு நொடிகூட அணையவில்லை. பிளக்கை எவரும் தொடவில்லை.

எரிச்சல் வந்தது, வேறென்ன. ஃபேனைக் கேட்டேன், சரி என்றது. பவர் சப்ளை, சரி. வயர் செருகுகிற ஒவ்வொரு துவாரமாகச் சோதித்தேன், எல்லாம் சரி. கடைசியில் அதன் பதிவுகளைக் காட்டச் சொன்னேன். வரிசையாக நின்றன: ஆறு ஐம்பதுக்குச் சூடு அதிகம், ஆறு ஐம்பத்திரண்டுக்குக் கமராக்களின் கரண்ட் நிறுத்தம், ஏழேகாலுக்குப் பழையபடி. சூடு மிஞ்சினால் பெட்டி தான் அணையாமல் கமராக்களின் கரண்டை மட்டும் நிறுத்திவிடும். ஞாயிற்றுக்கிழமைகளிலும் இன்றும் மட்டும் ஒன்றுமில்லை.

பனி கொட்டுகிற காலையில் எங்கிருந்து வரும் சூடு? தம்பையா மேல் சந்தேகம் திரும்பியது. மூட்டை போகிறதென்று மூச்சுக்கு மூச்சு சொல்கிறவர் இவர்தான்.

"இந்த ரூம்ல ஹீட்டர் கீட்டர் வைக்கிறீங்களா?"

"என்ன தம்பி, என்னையே கேக்குறீங்க!" அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

யாரையும் நம்ப முடியவில்லை. ஜெயலெட்சுமியை உள்ளே கூப்பிட்டு, தினமும் கூட்டுகிற மாதிரியே இப்போது கூட்டிக் காட்டச் சொன்னேன். அவர் தயங்கினார். பிறகு மூலையிலிருந்து ஓர் உரச் சாக்கை எடுத்து நன்றாக உதறி, ஸ்டூலில் ஏறி, பெட்டியைச் சுற்றிப் போர்த்தினார். குழந்தைக்குக் குளிராமல் செருகுவதுபோல் ஓரங்களை உள்ளே செருகினார். ஃபேன் காற்று வெளியேற ஓர் ஓட்டை மிச்சமில்லை. பிறகு இறங்கித் துடைப்பத்தை எடுத்தார்.

திரையில் சூட்டைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். முப்பத்தெட்டு. நாற்பத்தொன்பது. அறுபத்தாறு. இருபதாவது நிமிடம் எட்டுக் கமராவும் இருண்டன.

"அப்ப இவதான்!" என்று தம்பையா குதித்தார்.

"யாரும்மா உங்கள இப்பிடிச் சாக்கு போட்டு மூடச் சொன்னது?" என்று நானும் கத்தினேன்.

முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"நீங்கதாங்க. பொட்டிய மாட்டுன அன்னைக்கு. தேயிலத் தூசி உள்ள போனாச் செத்துரும், கூட்டுறப்ப ஒரு துளி படக்கூடாதுன்னு சொல்லிட்டுப் போனீங்க."

எனக்கு நினைவில்லை. ஆனால் போகிற இடமெல்லாம் அதைச் சொல்கிறவன் நான். சொன்னதும் அடுத்த இடத்துக்குப் போய்விடுவேன்.

"அத ஏன் இவ்வளவு நேரம் சொல்லல?"

"நீங்க பிளக்கத்தானே கேட்டீங்க?" அவர் குரல் உடைந்தது. "கமரா ஐயாவே போன்ல சொல்லிட்டாருன்னு லயத்து வீடெல்லாம் பேசுது. எம் மக ராத்திரி தேயில இருக்கான்னு என் பையக் கொட்டிப் பாத்தா. பெத்த மக! இனி நான் யார்கிட்ட என்னத்தச் சொல்ல?"

வெட்கமாக இருந்தது. அந்த அறையில் நிற்கவே முடியவில்லை.

தம்பையா என்னை ஓரமாக இழுத்தார். "சாக்கு போட்டதாலன்னு மட்டும் எழுதுங்க. யாரு சொன்னதுங்கிறது எதுக்கு? உங்க கொம்பனிக்கும் கெட்ட பேரு."

அப்படி எழுதினால் அந்தம்மாவின் வேலை போய்விடும், என் பெயர் தப்பிவிடும். உண்மையைச் சொன்னால், ஒரு நிமிடம் யோசித்தேன். பிறகு எழுதினேன்: பிளக் ஒருநாளும் கழற்றப்படவில்லை, பெட்டி என் சொல்லின்படி மூடப்பட்டதால் சூடேறியது, தவறு என்னுடையது. தம்பையா அதை இரண்டு தடவை வாசித்தார். "சரி, நாளைக்குப் பெரட்டுக்கு வா" என்றார் ஜெயலெட்சுமியிடம், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

நான் பையை மூடினேன். ஜெயலெட்சுமி வழியை விடவில்லை.

"சாக்கு போடாம எப்பிடிக் கூட்டுறதுங்க?"

"தண்ணி லேசாத் தெளிச்சிட்டுக் கூட்டுங்க, தூசி எழும்பாது. பொட்டிய எதாலயும் மூட வேணாம்."

"எழுதிக் குடுங்க."

பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். அவர் தாளை வாங்கித் தம்பையாவிடம் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொன்னார். ஒவ்வொரு சொல்லையும் கேட்டுவிட்டு என்னிடமே திருப்பி நீட்டினார்.

"கையெழுத்துப் போடுங்க ஐயா."

போட்டேன்.

"தேதியும்."