ஒரு புள்ளி அகல விளிம்பு

ஸ்ஃபாக்ஸ் நகரின் ஆலிவ் எண்ணெய் பரிசோதனைக் கூடம் ஒன்றுக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தவன் வஜ்தி. திரையில் திறக்கும் ஒவ்வொரு ஜன்னலுக்கும் கணினி தானாகப் போடும் விளிம்பு அவனுக்குத் தடியாகத் தெரிந்தது. அதை நீக்கிவிட்டு, திரையின் ஒரே ஒரு புள்ளி அகலத்தில் தானே ஒரு கோட்டை வரைந்தான்.

"அழகாத்தான் இருக்கு. ஆனா இதை மவுஸால பிடிச்சு இழுத்து ஜன்னலைப் பெருசாக்க யாரால முடியும்? சுத்தி கண்ணுக்குத் தெரியாம, பிடிக்கக் கொஞ்சம் இடம் விடு," என்றாள் கூட வேலை செய்த நுஹா.

"உனக்குக் கை நடுங்குதுன்னா காப்பியைக் குறைச்சுக்கோ," என்று சிரித்தான் வஜ்தி.

இரண்டு வருடம் கழித்து, புதிய பதிப்பைப் போட்டுக் கொடுக்க அந்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் போனான். பரிசோதனை முடிவுகளைக் கணினியில் பதிந்துவந்த ஊழியர் மொங்கியின் நாற்காலியில் வேறொரு பெண் இருந்தாள்.

"அவரைக் கிடங்குக்கு மாத்திட்டாங்க. ரொம்ப மெதுவாம். பாவம், விளிம்பு பிடிபடாம, இந்த ஜன்னலைப் பெருசாக்க முடியாம, சின்னக் கட்டத்துக்குள்ளயே தள்ளித் தள்ளிப் பார்த்துட்டிருந்தாரு," என்றாள் அவள்.

வஜ்திக்கு முகம் சுண்டிப்போனது. நேராக மேலாளரிடம் போய், தவறு தன்னுடையது என்றான்.

"இப்ப சொல்லி என்ன பண்றது? வேற ஆள் போட்டாச்சே," என்றார் அவர்.

கிடங்கில் எண்ணெய் டின்களை அடுக்கிக்கொண்டிருந்தார் மொங்கி. வஜ்தி எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டான். அவர் தன் வலது கையை விரித்துப் பார்த்தார்.

"என் கைதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன், தம்பி. டாக்டர்கிட்டகூடப் போனேன்."

பரவாயில்லை என்று சொல்வாரென வஜ்தி காத்து நின்றான். அவரோ அடுத்த டின்னைத் தூக்கக் குனிந்தார்.