எண்ணெய் குடித்த பிரேக்

என் மகள் சஹர் பிரேக்கைப் பிடித்தாள், சைக்கிள் நிற்கவில்லை. தெருமுனையில் நிறுத்தியிருந்த குட்டியானை வண்டியின் பின்பலகையில் மோதித்தான் நின்றது. முழங்கை நன்றாகச் சிராய்த்திருந்தது. ஆனாலும் அவள் முதலில் குனிந்து பார்த்தது சக்கரம் கோணியிருக்கிறதா என்றுதான். அது அப்படியே அவள் அப்பாவின் சுபாவம்.

என் கணவர் முனீர் மஞ்சள் காமாலையில் போய், நான் நாலு மாதம் பத்து நாள் திரைக்குள் இருந்த இத்தா முடிந்த வாரம் அது. அவரோடு சைக்கிள் ஓட்டியவர்கள் அந்த ஞாயிற்றுக்கிழமை ஏலகிரி ஏறுவதாக இருந்தார்கள். அப்பாவின் சைக்கிளை எடுத்துக்கொண்டு வா என்று சஹரைக் கூப்பிட்டிருந்தார்கள். அவள் கல்லூரி இரண்டாம் வருடம். ஏறுவது பற்றி எனக்குக் கவலையில்லை, மூச்சு வாங்கினால் இறங்கித் தள்ளலாம். திரும்பி இறங்கும்போது கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் பிரேக்தான் கதி.

வாசலில் என்னோடு நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் லியாகத் அலி பாய்ஜான், முனீரின் அண்ணன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "வித்துடலாம் சைரா," என்றார். "அவனோட அந்த வண்டிக்கும் உயிரு போயிடுச்சி. மலையில பொண்ணுக்கு ஒண்ணு ஆச்சின்னா நா எங்க போயி முட்டிக்கிறது?"

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் வண்டிக்கு உயிர் போகாது, ஏதோ ஒரு பாகம்தான் கெட்டிருக்கும். சனிக்கிழமை வரை விடுங்கள், பிரேக் பிடிக்காவிட்டால் நானே விற்றுவிடுகிறேன் என்றேன். சஹர் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளைக் கேட்காமல் அவள் ஞாயிற்றுக்கிழமையை நான் பணயம் வைத்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே முன்சக்கரத்தைக் கழற்றினேன். சக்கரத்தோடு சுற்றும் தகடான டிஸ்க்கை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்க வேண்டிய பேட் இரண்டும் கறுத்து, ஈரமாக மினுங்கின. பின்சக்கரத்திலும் அதே கதை. மூக்கருகே கொண்டுபோனேன். ஷாப்பில் தோலுக்குப் போடும் மீன் எண்ணெய். ஆம்பூரில் அந்த வாசனையை யாரும் இன்னொருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

பாய்ஜான் முப்பது வருடமாகத் தோல் பதனிடும் ஷாப்பில் இருப்பவர். எண்ணெய் காணாத தோல் வெடித்துப்போகும் என்பது அவருக்குக் கலிமா மாதிரி. நான் இத்தாவில் இருந்தபோது ஒவ்வொரு வெள்ளியும் ஜும்மா முடிந்து வருவார். கறியையும் காய்கறியையும் வைத்துவிட்டு, கூடத்தில் உட்கார்ந்து தம்பியின் சைக்கிளைத் துடைப்பார். திரைக்கு இந்தப் பக்கம் எனக்குச் சக்கரம் சுற்றும் சத்தம் மட்டும் கேட்கும். அந்தச் சத்தத்துக்காகவே நான் வெள்ளிக்கிழமைகளை எதிர்பார்த்திருந்தேன். அவர் டிஸ்க்குக்கும் எண்ணெய் காட்டியிருக்கிறார். அது துருப்பிடிக்காத எஃகு, அதற்கு எதுவும் வேண்டியதில்லை. பூசியதை எல்லாம் பேட் குடித்துக்கொண்டது.

"சொல்லிடலாமா அம்மி?" என்றாள் சஹர்.

"மொதல்ல பிரேக் புடிக்கட்டும்."

முனீரின் தோஸ்த் தபரேஸ் வேலூரிலிருந்து புதுப் பேட் வாங்கிவந்து கொடுத்தார். மருந்துக்கடை ஸ்பிரிட்டில் துணியை நனைத்து, கறை படியாமல் துணி வெள்ளையாகவே வரும்வரை டிஸ்க்கைத் துடைத்தோம். அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. பேட் உட்கார்ந்திருக்கும் கேலிப்பர் டிஸ்க்குக்கு நேர்நடுவில் நிற்க வேண்டும். முனீர் அதைச் செய்யும்போதெல்லாம் பிரேக் லிவரை அழுத்திப் பிடித்துக்கொள்வது என் வேலை. "புடி, விடாத," என்று கீழே உட்கார்ந்து போல்ட்டை முடுக்குவார். விரல் மரத்துப்போகும். கீழே அவர் என்ன செய்தார் என்று நான் குனிந்து பார்த்ததே இல்லை. ஆனால் ஒரு போல்ட்டை ஒரேயடியாக இறுக்கினால் லிவர் என் கையில் லேசாக நெளியும், இரண்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால் அசையாது. என் கைக்கு அது தெரியும்.

சஹரை லிவரைப் பிடிக்கச் சொல்லிவிட்டு நான் கீழே உட்கார்ந்தேன். முதல் தடவை சக்கரத்தைச் சுற்றினால் சிர்ரென்று உரசியது. மறுபடி தளர்த்தி இறுக்கினேன், அப்போதும் உரசல். சஹர் தபரேஸுக்குப் போன் போடலாமா என்றாள். வேண்டாமென்று, டிஸ்க்குக்குப் பின்னால் ஒரு வெள்ளைத்தாளை வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் வெளிச்சக் கீற்று, மறுபக்கம் இருட்டு. ஷூ கம்பெனியில் என் வேலை ஸ்கைவிங் மிஷினில், தையல் விழும் இடத்தில் தோலின் ஓரத்தைச் சீவி மெலிதாக்குவது. அந்தச் சீவலின் கனம்தான் இங்கே வேண்டியிருந்தது. போல்ட்டைத் தளர்த்தி, நகத்தால் அவ்வளவே நகர்த்தி, மாற்றி மாற்றி இறுக்கினேன். இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளிச்சம். சக்கரம் சத்தமே இல்லாமல் சுற்றியது. அது தானாக நின்றதும் பின்சக்கரத்துக்கும் அப்படியே செய்தோம்.

புதுப் பேட் உடனே கவ்வாது. ஓட்டி, பிடித்து, ஓட்டி, பிடித்துச் சூடேற்றிப் பழக்க வேண்டும். விடிந்ததும் சஹர் தெருவில் ஓட்டினாள். ஆசை விடாமல் புர்காவைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானும் ஒரு சுற்று வந்தேன். எதிர்வீட்டு அக்தரி பேகம் பால் பாக்கெட்டோடு நின்று, "இன்னா சைரா, கம்பெனி வேன் டிரைவருக்கு வேல போச்சா?" என்றாள். அவருக்கு லீவு கொடுத்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே அவள் காலருகில் நிறுத்திக் காட்டினேன்.

சனிக்கிழமை சாயங்காலம் பாய்ஜான் வந்தார். கூடத்தில் செய்தித்தாள் மேல் பழைய பேட் கிடந்தது. கையில் எடுத்தவர் கட்டைவிரலால் தேய்த்தார், முகர்ந்தார். கொஞ்ச நேரம் அதைக் கீழே வைக்கவே இல்லை.

"நானா?"

"ஆமா பாய்ஜான். நல்லதுன்னுதான் செஞ்சீங்க. அது தோலு இல்ல, அவ்ளோதான்."

அவர் பேட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். சைக்கிளை எடுத்து வரச் சொல்லிவிட்டு, ஏரிக்கரையிலிருந்து இறங்கும் சிமென்ட் ரோட்டுக்கு எங்களுக்கு முன்னால் நடந்தார். பாதிச் சரிவில் போய் நட்டநடுவில் நின்றார். "சஹர், என்னப் பாத்து வா. பெடல் பண்ணி வா."

"ஓரமா நில்லுங்க பாய்ஜான்," என்றேன் நான்.

"புடிக்கும்னு சொல்றே இல்ல?"

"புடிக்கும்."

"அப்ப இன்னாத்துக்கு ஓரம்?"

சஹர் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். அவள் பெடலை மிதித்து இறங்கினாள். துப்பட்டா முதுகில் படபடத்தது. பாய்ஜான் கண்ணை மூடவில்லை, ஒரு அடி பின்வாங்கவும் இல்லை. சக்கரம் அவர் முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. சஹரின் இரண்டு காலும் தரையில்.

அவர் சிரிக்கவில்லை. "மலை இதவிட சரிவு," என்றார். சஹர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மறுபடி மேலே ஏறி வந்தாள். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கீழே நடந்தார், ரோடு இன்னும் செங்குத்தாக விழும் இடம்வரை. அங்கே திரும்பி, கால்களை அகட்டி வைத்து, எங்களைப் பார்த்து நின்றார்.